மாட்டுக் கொட்டகையில் ஒரு மோட்டார் கார்

கொட்டாம்பட்டியிலிருந்து மதுரைக்கு மோட்டார் காரில் வந்தேன் என்று நான் சொன்னால் அது பொய்யில்லை. காருக்கு முன்னால் இரண்டு மாடுகள் கட்டியிருந்தன என்பதைத் துருவிக் கேட்பவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

கார் என் தாய்மாமனுடையது. நான் அரை டிராயர் போட்ட காலத்தில் வாங்கினார். ஒரு வருஷம் ஊர் ஊராக ஹாரன் அடித்துத் திரிந்தார். ஓர் ஐப்பசி மழையில் அது நின்றுபோனது. நின்றதை அப்படியே புளியமரத்தடியில் தள்ளிவிட்டு, குதிரை வண்டிக்கு மாறிவிட்டார். நான் இன்டர்மீடியட் முடித்து, கண்ட ஆபீசுக்கெல்லாம் மனுப் போட்டுச் சலித்து அவர் வீட்டுக்குப் போனபோது, காரின் பின் ஸீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சக்கரத்துக்கு மேலிருந்த தகட்டைத் தொட்டேன். பொரித்த அப்பளம்போல ஒரு துண்டு துரு உடைந்து கையோடு வந்தது. வேறு யாராக இருந்தாலும் கையைத் தட்டிக்கொண்டு போயிருப்பார்கள். நான் அந்தத் துண்டைப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"வேணுமா மாப்ள?" என்றார் மாமா. "குஞ்சு பொரிக்கட்டும். அப்புறம் ஒன் காரு."

அவ்வளவுதான். குஞ்சு பொரித்த மறுநாளே மாடு பூட்டிவிட்டேன்.

எங்கள் வீடு வைகைக்கு வடகரையில். மேற்கே அப்பாவுக்கு வயல், வீட்டின் பின்னால் மாட்டுக் கொட்டகை. காரை அதற்குள் மாட்டோடு சேர்த்து நிறுத்திவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அப்பா வந்தார். ஒரு முறை சுற்றி வந்தார்.

"என்னடா இது?"

"காருப்பா."

"அது தெரியுது. எதுக்கு?"

"ஓட்டுறதுக்கு."

"அப்ப முன்னாடி மாடு எதுக்கு?"

நான் மாட்டை அவிழ்க்கப் போனேன். அவர் மேலே எதுவும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. முதல் போகம் அறுத்து வைக்கோல் வந்தால் மழைக்கு முன் அதை வைக்க அந்தக் கொட்டகையை விட்டால் இடமில்லை. "சரஸ்வதி பூஜை வரைக்கும் பொறுப்பேன்," என்றார். "அதுக்குள்ள இது தானா ஓடணும். தானா. ஓடலையா, பழைய இரும்புக்காரனுக்குச் சொல்லி அனுப்பிருவேன். அவன் சம்மட்டியோட வருவான்."

அன்றைக்குத் தொடங்கியது பைத்தியம்.

புதுமண்டபத்துப் பக்கம் பழைய புத்தகக் கடையில் மோட்டார் பழுது பார்ப்பதைப் பற்றி ஓர் இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. கடைசிப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. 'இப்போது வண்டி நகரத் தொடங்கும்' என்ற வரியோடு புத்தகம் முடிந்துவிடும். எனக்கு அது போதுமானதாகத் தோன்றியது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா, கவிழ்த்துப் போட்ட கழுநீர்த் தொட்டியின்மேல் உட்கார்ந்து அதை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். நான் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு கேட்பேன்.

"'எல்லா ஆணியையும் கழற்றி வரிசையாக வை'ன்னு போட்டிருக்குடா."

"கழட்டிட்டேன்."

"வரிசையா வச்சியா?"

"அதைச் சொல்றதுக்குள்ள கழட்டிட்டேன்க்கா."

எஞ்சின் இறுகிக் கிடந்தது. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் மலையைத் திருகுவதுபோல இருந்தது. மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து உள்ளே ஊற்றி, தினமும் காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் போய் ஓர் அழுத்து அழுத்திப் பார்ப்பேன். எட்டாம் நாள் 'களுக்' என்றது. ஒரு விரல் அளவுதான் நகர்ந்தது. நான் போட்ட சத்தத்தில் எங்கள் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது.

துருவுக்கு நான் கண்ட மருந்து புளி. பித்தளையைப் புளி வெளுக்கிறதென்றால் இரும்பை மட்டும் கைவிட்டுவிடுமா? அம்மாவின் பெரிய அண்டாவில் புளியைக் கரைத்து ஆணி, திருகு, கம்பி எல்லாவற்றையும் ஊறப் போட்டேன். இரண்டு நாளில் வெள்ளிபோல வெளிவந்தன. அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் பருப்புக் குழம்புதான். "எம்புட்டுப் புளிடா திங்கும் அந்த எழவு?" என்று அம்மா கேட்காத நாள் இல்லை. ஆனால் ஸீட்டுக்குள் அடைக்க இலவம்பஞ்சு கேட்டபோது தன் தலையணையைத்தான் பிரித்துக் கொடுத்தாள். காருக்குக் கதவுக்கு அடிக்கும் பச்சைச் சாயம் பூசினேன். மிச்சம் என் தலையில் பத்து நாள் இருந்தது.

சரஸ்வதி பூஜைக்கு முந்தைய நாள் எல்லாம் தயார். எஞ்சினுக்குள் நெருப்புப் பொறி தட்டும் பிளக்குகள் நான்கையும் கழற்றி, கரி நீக்கித் துடைத்து, மாடத்தில் ஒரு துணிமேல் வைத்திருந்தேன். மறுநாள் காலையில் பெட்ரோல் வாங்கி வந்து பிளக்குகளை மாட்டிச் சுற்ற வேண்டியதுதான் பாக்கி. பூஜையன்று காலையில் இரண்டு டின் பெட்ரோலோடு பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றேன்.

நடுவீட்டில் வாழையிலை விரித்திருந்தது. அரிவாள், மண்வெட்டி, உலக்கை, அக்காவின் தையல் ஊசி, என் புத்தகங்கள். அவற்றுக்கு நடுவில் என் திருப்புளிகள், ஸ்பானர், கார் கைப்பிடி, நான்கு பிளக்குகள். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூவும் போட்டாயிற்று.

"அம்மா! இன்னைக்குத்தாம்மா கடைசி நாளு!"

"அதுக்கு? சாமிகிட்ட வச்சதை இன்னைக்குத் தொட்டா கை வெளங்குமா? நாளைக்கு விடியட்டும்."

கெஞ்சினேன், அழாத குறைதான். அக்காவும் பேசிப் பார்த்தாள். வருஷத்தில் ஒரு நாள் ஆயுதங்களுக்கு ஓய்வு. அதில் அம்மா ஸ்பானருக்கும் அரிவாளுக்கும் வித்தியாசம் பார்க்கத் தயாரில்லை. சாயங்காலம் பழைய இரும்புக்காரர் வாசலில் வந்து நின்றார். ஆனால் அவர் வெறும் கையோடு வந்திருந்தார்.

"அண்ணே, கோவிச்சுக்கிராதீக," என்றார் அப்பாவிடம். "என் சம்மட்டி, கடப்பாரை, கயிறு எல்லாம் சாமிக்கு முன்னாடி கெடக்கு. மாட்டையும் குளிப்பாட்டிப் பொட்டு வச்சாச்சு. நாளைக்கு வெள்ளன வாரேன்."

அப்பா என்னைப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே சாமி போல," என்றார். "சரி, நாளைக்கு அவன் வர்ற வரைக்கும்."

விஜயதசமி விடிந்தது. அம்மா கற்பூரம் காட்டி முடிப்பதற்குள் இலையிலிருந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடினேன். பிளக்குகளின் தலையில் இருந்த சந்தனத்தை வேட்டியால் துடைத்து மாட்டினேன். பெட்ரோல் ஊற்றிக் கைப்பிடியைச் சுற்றினேன். ஒன்றுமில்லை. இருபது தடவை, நாற்பது தடவை சுற்றியும் ஒரு தும்மல்கூட இல்லை. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியபோது வாசலில் மாட்டுச் சலங்கை கேட்டது.

இரும்புக்காரர் நுகத்தடியிலிருந்து காரின் மூக்குவரை தாம்புக் கயிற்றைக் கட்டினார். நல்ல கனமான மனிதர், முடிச்சுப் போடும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தொட்டிமேல் இருந்த அக்கா மட்டும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தக் குட்டிச் சாமான் நாலுக்கும் சந்தனம் எங்க வச்சே?"

"எது தலை, எது காலுன்னு யாரு கண்டா? ரெண்டு பக்கமும் வச்சேன்."

நானும் அக்காவும் ஒரே நேரத்தில் கத்தினோம். பொறி தட்டும் முனை கீழ்ப்பக்கம்! அந்த நூலிழை இடைவெளிக்குள் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தால் சரஸ்வதியே வந்து சுற்றினாலும் தீப்பிடிக்காது. நான்கையும் கழற்றினேன். நான்கிலும் வாசனையான அடைப்பு. அக்கா தன் ரவிக்கையிலிருந்து ஊக்கை எடுத்துத் தந்தாள். சுரண்டிச் சுத்தம் பண்ணி, பூட்டி, ஒரு சுற்று. எஞ்சின் 'டப்' என்று ஒரே ஒரு முறை இருமியது. கைப்பிடி எதிர்ப்பக்கம் உதைத்து என் மணிக்கட்டைப் பதம் பார்த்தது. கை தூக்க முடியவில்லை.

"இருமுச்சுப்பா! கேட்டீங்கள்ல!"

"இருமுறதெல்லாம் ஓடுறதா?" என்றார் அப்பா. "கயிறு கட்டியாச்சு. நீ உள்ள ஒக்காந்து வளைச்சுக் குடு. இம்புட்டு நாள் பட்ட பாட்டுக்குத் தெருக்கோடி வரைக்குமாவது ஓட்டுன மாதிரி இருக்கும்."

உட்கார்ந்தேன். மாடுகள் இழுத்தன. இரும்புக்காரர் பக்கத்தில் நடந்து வந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. "மாப்ள, ஹாரன் அடி, மாடு வெலகட்டும்!" என்று ஒருவன் கத்தினான். அப்போதுதான் பளிச்சென்றது. கைப்பிடி சுற்றினால் என்ன, சக்கரம் சுற்றினால் என்ன? எஞ்சினுக்கு வேண்டியது சுற்றுதானே! கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ளி, காலை எடுத்தேன்.

பீரங்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். பின்னால் கரும்புகை. மாடுகள் வாலைத் தூக்கிக்கொண்டு பறந்தன. இரும்புக்காரர் "ஆத்தே!" என்று ஒரே தாவலாகத் தாவி என் காரின் படிப்பலகையில் ஏறிக்கொண்டார். கார் ஓடியது! மாட்டைவிட வேகமாக ஓடியது! கயிறு தொய்ந்து தரையில் விழுந்தது, அதன்மேல் முன் சக்கரம் ஏறியது, இரண்டு பக்கமும் முடிச்சுக் கழன்றது. மாடுகள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். நான் சிரித்தேனா கத்தினேனா தெரியாது. தெருக்கோடி வந்தது, போனது.

"நிப்பாட்டு தம்பி!"

"அந்தப் பக்கம் புத்தகத்துல இல்லண்ணே!"

வைகைக் கரையின் சரிவில் இறங்கினோம். மணலில் காயப் போட்டிருந்த வேட்டிகளில் ஒன்றை மூக்கில் மாட்டிக்கொண்டு, அச்சுவரை மணலில் புதைந்து, கார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. குறுக்கு வழியில் எங்களுக்கு முன்னமே வந்துவிட்ட மாடுகள் ஓடைத் தண்ணீரில் நின்று எங்களைப் பார்த்தன.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். பின்னால் பாதித் தெரு.

"மாடுதானடா இழுத்துச்சு?" என்றார் மூச்சிரைக்க. "தானா ஓடலையே?"

நான் வாயைத் திறப்பதற்குள் இரும்புக்காரர் படிப்பலகையிலிருந்து இறங்கினார். தலைப்பாகையைத் தேடினார், அது எங்கோ போயிருந்தது.

"மாடு இழுக்கலண்ணே. மாட்டை இதுதேன் வெரட்டுச்சு."

"கயிறு கட்டியிருந்துச்சே?"

"அந்தக் கயிறு ஒங்க தோள்ளதான இருக்கு."

அப்பா தன் தோளைப் பார்த்தார். நல்ல கயிறு தெருவில் கிடந்தால் அவரால் தாண்டிப்போக முடியாது. ஓடி வரும் அவசரத்திலும் பாதித் தெருவில் குனிந்து எடுத்திருக்கிறார். எடுத்ததை வளையம் வளையமாகச் சுற்றித் தோளில்கூடப் போட்டிருந்தார். பிறகு அதை இரும்புக்காரரிடம் நீட்டினார்.

"இதைக் கட்டி மணலைவிட்டு மட்டும் ஏத்திக் குடுய்யா."

"அப்ப இரும்பு, அண்ணே?"

"எந்த இரும்பு? ஓடுற வண்டிய்யா இது."

சொல்லிவிட்டுப் பின் கதவைத் திறந்தார். கதவு கையோடு வந்துவிட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவின் தலையணைப் பஞ்சின்மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, போகலாம் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

அந்த வருஷத்து வைக்கோல் கொல்லையில் வெட்டவெளியில் போராக நின்றது. மழை வந்தபோது அப்பா அதன்மேல் பனையோலையைப் போட்டு மூடிவிட்டு, கொட்டகைக்குள் வந்து, கார்மேல் சாரல் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.