மோரல் என்றால் எது?

மென்பொருள் வேலைக்காக மதுரையிலிருந்து தெலுங்கு பேசும் ஊருக்கு வந்து, திருமுல்கேரியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அங்கேதான் என் மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருந்து ஏற்றியதில் அவளுக்கு வாயெல்லாம் புண். எச்சில் விழுங்கவே அழுதாள். சாப்பிட்டுத் தெம்பு வந்தால்தான் அடுத்த மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கீழ்வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி, ஊருக்குக் கிளம்பும் அவசரத்திலும் என்னை நிறுத்தினார்.

"மோரல் சூப் வெச்சுக் குடு மேன். வாய்ப்புண்ணுக்கு எங்க மம்மி அதான் குடுப்பாங்க."

அலுவலகத்தில் இணையத்தில் தேடினேன். மோரல் என்பது காளான், காஷ்மீர் மலைகளில் முளைப்பது, இந்தியில் அதன் பெயர் குச்சி என்றெல்லாம் போட்டிருந்தது. லீவு சொல்லிவிட்டு பேகம் பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஓர் உலர்பழக் கடைக்காரர், "குச்சி? ஹவ், ஹை நா!" என்று, இருக்கிறது எனத் தலையாட்டி டப்பாவைத் திறந்தார். உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக, சுருங்கிக் கறுத்த காளான்கள்.

"குச்சி கிடைச்சிருச்சு" என்று ஓடிவந்தேன்.

"எதுக்கு? ஊணிக்கிட்டு நடக்கவா?" என்றாள். அவளே சிரிக்கப் போய், உதடு வெடித்து ரத்தம் வந்தது.

சூப்பில் ஒரு ஸ்பூன் வாயில் பட்டதும் துடித்துத் துப்பிவிட்டாள். ஆன்ட்டிக்கு ஃபோன் போட்டுக் கத்தினேன்.

"காளானா? யார் சொன்னா? நம்ம மோரல் செடி மேன்! குட்டிக் குட்டியா கறுப்புப் பழம் இருக்கும். தெலுங்குல காமஞ்சி."

மணத்தக்காளி! வாய்ப்புண் என்றால் எங்கள் ஊரில் யாரும் முதலில் சொல்லும் கீரை. பதற்றத்தில் எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

போலாரம் சாலையில் கூடை வைத்திருந்த கீரைக்காரம்மாவிடம் "காமஞ்சி" என்றேன். மறுநாள் பறித்து வந்து கொடுத்தார். தேங்காய்ப்பாலில் வேகவைத்து ஆறவைத்துக் கொடுத்தேன். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி அரை தம்ளர் குடித்தாள்.

"எரியலைங்க" என்றாள். அதைச் சொல்லும்போதே அழுதாள்.

கொஞ்சம் கொஞ்சமாகப் புண் ஆறியது. மருந்தும் ஏற்றினார்கள். நோய் அதற்கு மசியவில்லை. மழைக்காலம் தொடங்குமுன் போய்விட்டாள். கடைசி நாட்களில் அவளால் விழுங்க முடிந்தது. ரசம் சாதம் கேட்டாள், ஒருநாள் பிரியாணிகூடக் கேட்டாள். கேட்டதையெல்லாம் கொடுத்தேன்.