பாதிக் கட்டில்

கட்டில் சூடாக இருந்தது என்றால் நம்ப மாட்டீர்கள், ஆனால் அது சத்தியமாக நடந்தது. கதை கட்டுவதென்றால் என்னை நல்லவனாக அல்லவா காட்டியிருப்பேன்?

பார்சல் குடோனில் நைட் ஷிப்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லி என்னை வரவழைத்ததே பெரியப்பா மகன்தான்; அவனுக்கு அங்கே பகல் ஷிப்ட். இரண்டு பேருக்கும் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, ஒரே கட்டில். ராத்திரி அண்ணனுக்கு, பகலில் எனக்கு. எழுகிறவன் போர்வையை மடித்து வைக்க வேண்டும். அண்ணன் அதையும் களத்தில் சாக்கு மடிப்பது போலத்தான் மடிப்பான். மூன்றாக மடித்து, நுனியை உள்ளே செருகி.

நானோ குடோன் முழுக்க டவுன்காரன் என்று அளந்து வைத்திருந்தேன். பேச்சைக்கூட மாற்றிக்கொண்டேன்.

திங்கள் காலை 7:00. ஷிப்ட் மாறும் நேரம். கேட்டில் அத்தனை பேர் முன்னால் அண்ணன் என் ஊர்ப் பட்டப்பெயரைச் சொல்லிக் கத்தினான்.

"டேய் ஓணான்! சாப்ட்டியாடா?"

ஒரே சிரிப்பு. எங்கள் நைட் ஷிப்ட் சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். "யாருப்பா இது, உங்க ஆளா?"

"தெரியாது சார். வேற யாரையோ நெனச்சுக் கூப்புடுறாரு."

அண்ணன் என் முகத்தையே பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "ஆமா சார், ஆள் மாறிப்போச்சு" என்றான்.

எனக்காகப் பொய் சொன்னான்.

வீட்டுக்குச் சொல்லிவிடுவான், திட்டு விழும் என்று பயந்து அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேர் நம்பரையும் பிளாக் செய்தேன்.

செவ்வாய். கேட்டில் அவனைக் காணவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். 7:20க்கு அறையைத் திறந்தேன். போர்வை மூன்று மடிப்பு, நுனி உள்ளே. கட்டிலில் கை வைத்தேன். சூடு. ஆறரைக்கே கிளம்புகிறவன் படுத்த இடம் இன்னுமா சுடும்?

புதன். அதே சூடு. ஆணியில் அவன் துண்டு காய்ந்து விறைத்துக் கிடந்தது. குளிக்கவே இல்லையா?

வியாழன், 7:40. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன்.

கிரீச்...

முதுகுக்குப் பின்னால் கட்டில் தாழ்ந்தது.

சூடு...

"தள்ளிப் படுடா, ஓணான்."

தெருவில்தான் நின்றேன். செருப்புகூட இல்லை. பிளாக்கை எடுத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

"எங்கடா தொலஞ்ச? எத்தன வாட்டி போன் போடுறது? அண்ணன செவ்வாக்கிழமையே எடுத்தாச்சேடா..."

திங்கள் காலை 9:10க்கு அண்ணன் மேல் லோடு சரிந்திருக்கிறது. எவனோ பட்டிக்காட்டான் போய்விட்டான் என்று அன்று ராத்திரியே குடோனில் பேசிக்கொண்டார்கள். நானும் கேட்டேன். யார் என்று விசாரிக்கவில்லை. விசாரித்தால் 'உங்க ஊரா?' என்பார்களே.

சூப்பர்வைசரிடம் போய் அழுதேன். "ஏன் சார் எங்கிட்ட சொல்லல?"

"தெரியாத ஆளுன்னியேப்பா."

இன்றும் அதே கட்டில்தான். சுவரோரமாக ஒட்டிப் படுக்கிறேன். மறு பாதி இன்னும் சுடுகிறது. அது கோபமா, பாசமா? சொல்லுங்களேன், உங்களுக்கு என்ன தோன்றுகிறது?