சொன்னவரும் மண் சுமந்த வாய்க்கால்

காமயகவுண்டன்பட்டியில் சங்கிலியைத் தெரியாத ஆள் இருக்கலாம். தெரியாத வயல் கிடையாது. லோயர் கேம்பில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்தாயிற்று என்று காதில் விழுந்ததும், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையில் ஏறுகிற மனிதர், நெல் தலை சாய்கிற வரைக்கும் இறங்க மாட்டார். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் முப்பது வருஷமாக அவர் கையில்தான். முறை தவறி ஒரு சொட்டு விட்டதில்லை. ஒரே ஒரு தடவை விட்டார். அது கிடக்கட்டும், பிறகு வரும்.

ஒரே மகன் மாரிசெல்வம். கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் வெல்டராக இருந்தான். அந்த நாட்டின்மேல் அதன் பக்கத்து நாட்டுத் தலைவர் படையெடுக்கச் சொன்ன முதல் நாள் காலையிலேயே ஏவுகணை வந்து விழுந்தது. டீ குடித்துக்கொண்டிருந்த பத்துப் பேரோடு அவனும் போய்விட்டான். துறைமுகமும் படையெடுத்தவர்கள் கைக்குப் போனது. எரித்த சாம்பலும் அவர்களிடமே நின்றுவிட்டது.

எட்டு மாதம் கழித்து அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘குறி தவறியது ஒரு சிப்பாயின் பிழை. வேறு யார்மீதும் எங்களுக்குப் புகார் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டால் ஒரே மாதத்தில் அஸ்தி வீடு வந்து சேருமாம். சங்கிலியின் மனைவி சந்தனம்மாள் அன்றைக்கே கம்பத்துக்குப் பஸ் ஏறி, புது மண்கலயம் ஒன்று வாங்கி வந்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். மகனைச் சுருளி ஆற்றில் கரைக்க வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

அதே வாரம் மதுரையிலிருந்து வக்கீல் உமாதேவி வந்தார். அந்தப் போரைத் தொடங்கியவர்மீது வழக்கு நடத்தப் பல நாடுகள் சேர்ந்து ஒரு நீதிமன்றம் அமைக்கின்றன. அதற்குச் சாட்சி சேர்க்கிறவர் அவர்.

“ஒளிக்காமச் சொல்லிடுறேன் அய்யா. சண்டைக்குள்ள நடந்த கொடுமைக்குக் கேஸ் போடுறது ஒண்ணு. சண்டைய ஆரம்பிச்சதுக்கே கேஸ் போடுறது வேற. நாட்டுத் தலைவருன்னா சட்டமே ஒதுங்கி நிக்கும். பத்து வருசம் ஆகலாம், அவரு வராமலே போகலாம். ஆனா இந்தக் கடிதத்துல கையெழுத்துப் போட்டீங்கன்னா உங்க சாட்சி நிக்காது.”

சங்கிலி எழுந்து டீக்கடைக்கு நடந்தார். அங்கே பழைய கூட்டாளி ஞானசிகாமணி காத்திருந்தார்.

“ஏலே சங்கிலி, ராசா மேலயே கேஸாம்ல? கம்பம் ஸ்டேசன்லயா குடுக்கப் போற?”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஞானசிகாமணி மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “வெளாட்டுக்குக் கேக்கலடா. நாற்காலிய விட்டு எறங்குனா கூண்டுல ஏத்திப்புடுவாகன்னு தெரிஞ்சா, அந்த ஆளு சண்டைய நிறுத்துவாரா? உசுரு இருக்க மட்டும் நடத்த மாட்டாரு?”

 கேள்வி நல்ல கேள்விதான். சங்கிலி பாதி டீயை வைத்துவிட்டு வாய்க்காலுக்குப் போனார். கால் தானாகவே அந்தக் கரையில் போய் நின்றது.

இருபது வருஷத்துக்கு முந்தி, நல்ல உச்சிவெயிலில், பாசனச் சங்கத் தலைவர் தங்கப்பாண்டியன் இந்த இடத்தில் நின்று சொன்னார்: “சங்கிலி, மடை ஷட்டரத் தூக்கு. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு.” அன்றைய முறை அவர் வயலுக்கு அல்ல. ஆனாலும் சங்கிலி தூக்கினார். வந்த வேகத்தில் கரை உடைந்து, கீழே இருந்த கருத்தம்மாளின் பயிரில் பாதி சேற்றுக்குள் போய்விட்டது.

உடைத்தவர் அடைக்க வேண்டும், தன் தலையிலேயே மண் சுமந்து. கூலிக்கு ஆள் விடக்கூடாது. அது அந்த ஊர் வழக்கம். சங்கிலி மூன்று நாள் தனியாக மண் சுமந்து அடைத்தார். மிச்சப் பயிருக்குத் தண்ணீர் விடப் போனபோது கருத்தம்மாள் மடையை மறித்து உட்கார்ந்துவிட்டாள்.

“தூக்குனவன் வந்துட்டான். தூக்கச் சொன்னவுக வரல. அவுக வந்து மண்ணு சுமக்குற வரைக்கும் என் வயலுக்குத் தண்ணி வேணாம்.”

“கிறுக்கச்சி, உன் பயிருல்ல காயும்!” என்றார்கள் ஊரார்.

“காயட்டும். அவுகள ஏசாதீக. மரியாதையாப் போயிக் கூப்பிடுங்க.”

பதினோரு நாள் கூப்பிட்டார்கள். வயல் வெடித்தது. பயிர் பழுத்துச் சுருண்டது. பன்னிரண்டாம் நாள் காலையில் ரோட்டில் கார் வந்து நின்றது. தங்கப்பாண்டியன் இறங்கி, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, தோள்துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, கரையில் வந்து குனிந்து நின்றார். கூடையைத் தூக்கி வைத்தவர் சங்கிலிதான்.  ஊரே கரையில் நின்று பார்த்தது. இந்தத் தலையில் மண் ஏறினால் வானம் இடிந்துவிடும் என்றுதான் சங்கிலி நினைத்திருந்தார். வானம் அங்கேயேதான் இருந்தது. அடைத்த கரைமேல் கூடை கூடையாக மண் விழுந்தது. கருத்தம்மாள் எழுந்து மடையைத் திறந்தாள்.

அதற்குப் பிறகும் தங்கப்பாண்டியன் ஒன்பது வருஷம் தலைவராக இருந்தார். முறை தவறித் தூக்கு என்று அவரும் சொல்லவில்லை, அவருக்குப் பின்னால் வந்தவர்களும் சொல்லவில்லை. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம்; அந்த இடத்தில் மட்டும் கரை இன்றைக்கும் ஒரு முழம் கூடுதல் உயரம்.

வீட்டுக்கு வந்து சங்கிலி மனைவியிடம் எதையும் மறைக்கவில்லை. “நீ சொல்றதுதான் முடிவு சந்தனம். அவன் உன் வயித்துல பொறந்தவன்.”

சந்தனம்மாள் கலயத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “கருத்தம்மா மதினி பயிரக் காயப் போட்டாக. எனக்குக் காயப் போட இது ஒண்ணுதான இருக்கு” என்று அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிவிட்டு, “வக்கீலம்மாவ வரச் சொல்லுங்க” என்றாள்.

மறுநாள் உமாதேவி லேப்டாப்பைத் திறந்து வைத்தார். திரையில் தூரதேசத்து விசாரணை அதிகாரி, நரைத்த தலை. “எம் மகன் மாரிசெல்வம்” என்று சங்கிலி சொன்னதும் அந்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.  எங்கேயோ இருக்கிற கோர்ட்டு, காமயகவுண்டன்பட்டிப் பையன் பேருக்கு எழுந்து நிற்கிறதே!

யாரைக் குற்றம் சொல்கிறீர்கள் என்று அவர் கேட்டதை உமாதேவி தமிழில் சொன்னார்.

“குண்டு போட்டவுகளும் வரட்டும். சொன்ன சொல்லக் கேட்டு நானும் ஒரு தடவ மடை தூக்குனவன்தேன், சுமந்தேன். ஆனா போடச் சொன்னவுகளும் வரணும். கூலிக்கு ஆள் அனுப்பக் கூடாது.”

உமாதேவி மெதுவாகக் கேட்டார்: “அய்யா, அந்த ஆளுக்கு இம்புட்டு மரியாதை வேணுமா?”

“மாத்தாம அப்படியே சொல்லுத்தா. மரியாதையாக் கூப்பிட்டுப் பாருங்க. வரலேன்னா கொறை அவுகளோடது.”

“வராமலே போயிட்டாருன்னா?”

வாசல்படியிலிருந்து சந்தனம்மாள் பதில் சொன்னாள். “மறுநாளும் கூப்பிடுங்க.” உள்ளே போய்க் கலயத்தை எடுத்தாள். முந்தானையால் தூசி தட்டி, கையெழுத்துப் போடாத கடிதத்தின் மேலேயே அதைக் கவிழ்த்து வைத்தாள்.

“எம் பிள்ளை வர்ற அன்னைக்கு நிமித்திக்கிறேன்.”