டச்சு ஆன்ட்டிக்கு நான் சொன்ன சாட்சி

ஒருவர் இரு மொழிகளைக் கலந்து பேசுவதைக் கொண்டு, அவர் தனித்து வாழத் தகுதியற்றவர் என்று முடிவு செய்துவிட முடியுமா? எட்டு வயதில், அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக் என்ற ஊரில், அப்படியொரு முடிவுக்கு நான் சாட்சி சொன்னேன்.

பள்ளி விட்டபின், அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை, பக்கத்து வீட்டு டச்சு ஆன்ட்டிதான் என்னைப் பார்த்துக்கொள்வார். ஹாலந்திலிருந்து மணமாகி வந்தவர். கணவர் இறந்தபின் தனியாக இருந்தார். "கொம், ஷூஸ் ஓய்ட், டன் குக்கி!" என்று வாசலிலேயே ஆணை பிறக்கும். வா, ஷூவைக் கழற்று, பிறகுதான் குக்கி. பாதி டச்சு, பாதி ஆங்கிலம். எனக்கு அதில் வியப்பேதும் இல்லை. "ஷூவ ரிமூவ் பண்ணிட்டு ஹேண்ட் வாஷ் பண்ணுடி" என்று சொல்லும் அம்மாவின் மகள்தானே நான்.

அந்தக் குளிர்காலத்தில் பனியில் வழுக்கி விழுந்ததில் ஆன்ட்டியின் மணிக்கட்டு முறிந்தது. தொலைவிலிருந்து மகன் வந்தார். அவரை ஆன்ட்டி ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்த்திருந்தார் என்பதை நான் அறியேன். நான் உள்ளே நுழைந்ததும் வழக்கமான ஆணை பிறந்தது. மகனின் முகம் மாறியது. என்னைச் சமையலறைக்கு அழைத்துச் சென்று ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அம்மாவ இங்க தனியா விடலாமான்னு யோசிக்கிறேன். எப்பவுமே இப்படித்தான் கலந்து பேசுறாங்களா?"

"டெய்லி," என்றேன், பெருமையாக. "எந்த வார்த்தை முதல்ல வருதோ, அதச் சொல்வாங்க."

அவர் கண்களை மூடிக்கொண்டார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவர் அதைக் கேட்கவில்லையே.

இரண்டு வாரத்தில் ஆன்ட்டியை முதியோர் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார்கள். காரில் ஏறுமுன் என்னிடம், "குட்பை, மை டியர்" என்றார். வேறு யாரோ பேசுவது போலிருந்தது.

நான் என்ன தவறாகச் சொன்னேன் என்று பல நாள் குழம்பினேன். தாயின் இயல்பான பேச்சை அந்த மகன் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார், அதை முதுமையின் மனத் தடுமாற்றம் என்று எடுத்துக்கொண்டார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது வேறு.

அடுத்த சனிக்கிழமை, கடையில் அம்மா உரக்கச் சொன்னார்: "அந்த மில்க்க எக்ஸ்பைரி டேட் செக் பண்ணி எடுடி."

"அம்மா, மெதுவா," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "யாராவது கேட்டுடப் போறாங்க."

அன்றுமுதல் வீட்டுக்கு வெளியே நான் தமிழில் பேசுவதை நிறுத்திவிட்டேன்.