அக்கிராசனத்தில் அவரே

எனக்கு வயது எண்பத்திரண்டு. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு நான் பெற்றது. மற்ற இரண்டு பெண்களும் ஒரு சபைக் கூட்டம் நடந்ததால் என் வீட்டுக்கு வந்தவர்கள். எனக்கு எழுத்துக்கூட்டி எழுதத்தான் வரும். ஆனாலும் இதை நானேதான் எழுதுகிறேன்.

போன வாரம் மூத்த பிள்ளை பேப்பரும் கையுமாக, "ஜனாதிபதியே தப்புப் பண்ணினாலும் இறக்கறதுக்குச் சட்டத்துல வழி இருக்கும்மா" என்றான்.

"வழி இருக்கட்டும்டா. அன்னிக்கு நாற்காலியில யார் உட்காருவா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தலைநகரம் டில்லிக்குப் போன சமயம். வங்காளத்தில், பவானிபூரில் நம் தமிழ் ஜனங்களுக்கு ஒரு சபை இருந்தது. மாடியில் பஜனைக் கூடம். கீழே ஓர் அறையும் அடுக்களையும். ஊரிலிருந்து வந்து திக்கற்றுப்போனவர்கள் தங்கலாம். புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த ஒருத்தி, இரண்டு பெண் குழந்தைகளோடு அங்கே இருந்தாள். சபைத் தலைவருக்கு அந்த அறை தன் மச்சினனுக்கு வேண்டியிருந்தது. காலி பண்ணச் சொன்னார். அவள் போக இடமில்லாமல் நின்றாள். அடுக்களைக்குத் தன் பூட்டைப் போட்டுவிட்டார். குழந்தைகள் பொரியைத் தின்றுகொண்டு கிடந்தன.

அங்கத்தினர் சம்மதமில்லாமல் யாரையும் வெளியேற்றக் கூடாது, மீறுகிற தலைவரைக் கூட்டம் போட்டு நீக்கலாம் என்று சட்டதிட்டத்தில் இருந்தது. அலிப்பூர் கோர்ட்டு வக்கீல் ஒருவர் எழுதிக் கொடுத்தது. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு யார் தலைமை என்று எழுத மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

தீர்மானம் கொண்டுவர என் வீட்டுக்காரர்தான் முன்வந்தார். ஒரு வாரம் குளிக்கும்போதெல்லாம் பேசிப் பார்த்தார். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்தது. பெண்கள் தட்டிக்குப் பின்னால் இருந்தோம். பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்தார்கள். இவர் எழுந்தார், தொண்டையைக் கனைத்தார்.

"இன்றைய கூட்டத்துக்கு நமது சபைத் தலைவர் அவர்களே அக்கிராசனம் வகிக்க வேணுமாய்ப் பிரேரேபிக்கிறேன்!"

"ஆமோதிக்கிறேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஒரே கைதட்டல். அவர் அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

இவர் தீர்மானத்தை ஆரம்பித்தார். தலைவர் கையைத் தூக்கினார். "தலைவரைப் பத்தின பேச்சுக்கு அனுமதியில்லை."

"அண்ணா, அதுக்குத்தானே கூடியிருக்கோம்!"

"நீர்தானே ஓய் என்னை உட்கார வெச்சீர்? உட்கார்ந்தவன் சொல்றேன். நீர் உட்காரும்."

சிலர் சிரித்தார்கள். ஒருவர் பழக்கம்போல எழுந்து, எல்லோருக்கும் நன்றி சொல்லி வந்தனோபசாரத்தோடு கூட்டத்தையே முடித்துவிட்டார்.

"மாமியார் மேல இருக்கிற வழக்கை மாமியாரே விசாரிச்சாச்சு!" என்று தட்டிக்குப் பின்னாலிருந்து உரக்கவே சொன்னேன். அங்கே இருந்த ஆண்பிள்ளைகளில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

படியிறங்கும்போது இவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்னா, இதுக்கா ஒரு வாரம் தொண்டை வத்தக் கத்தினேள்?"

"எழுந்து நின்னா வாய் தானா அதைத்தான் சொல்றதுடீ. இத்தனை வருஷமா ஒவ்வொரு கூட்டத்துலயும் நான்தானே பிரேரேபிக்கிறேன்?"

கீழே அவள் அறை வாசலில் நின்றிருந்தாள். "மன்னி, என்ன தீர்மானம் ஆச்சு?"

சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். "எங்காத்துக்குக் கிளம்பு" என்றேன்.

இரண்டு அறைக்குள் எல்லோரும் முடங்கினோம். அவள் நாலு வீட்டில் சமைக்கப் போனாள். பெண்கள் என்னிடம் வளர்ந்தார்கள். மச்சினன் அந்த அறையில் சுகமாக இருந்தான். தலைவர் சாகிறவரைக்கும் தலைவர்தான். சட்டதிட்டமும் சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்குத் துடைத்துப் பொட்டு வைத்தார்கள்.

பேத்தி பக்கத்தில்தான் இருக்கிறாள். வங்காளம் பொரிந்து தள்ளுவாள். தமிழ் என்னைப்போலத்தான், எழுத்துக்கூட்டி. எங்கே, நான் எழுதினதை முதலிலிருந்து வாசிடீ, கேட்கிறேன். உங்கள் தாத்தா எழுந்து நிற்கிற இடத்தை மழுப்பாமல், உரக்க வாசி.