ஒரே அறையில் இரண்டு ரகசியம்

இன்று, கடைசிக் காலத்தில் இருக்கும் நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸில் தொண்டூழியம். பிடோக்கிலிருந்து வந்திருக்கும் ஓர் அங்கிளைப் பார்க்கப் போனேன்.

லிஃப்ட் வாசலிலேயே அவர் மகள் என்னை மடக்கினார். "இன்னும் கொஞ்ச நாள்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்பாவுக்குத் தெரியாது. ப்ளீஸ், சொல்லிடாதீங்க."

மகள் கோப்பி வாங்கப் போனதும், அறையில் அங்கிள் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "எனக்கு எல்லாம் தெரியும்லா. மககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்கமாட்டா."

மகள் திரும்பி வந்தார். அங்கிள் குரலை உயர்த்தினார்.

"தீபாவளிக்குத் தேக்கா கடைத்தெருவுல எனக்கு ஜிப்பா எடும்மா. ஒரு சைஸ் பெருசா எடு, வீட்டுக்கு வந்தா வெயிட் போட்டுருவேன்!"

"சரிப்பா, நீலக் கலரா?" என்று மகளும் சிரித்தார்.

அங்கிள் எனக்குக் கண்ணடித்தார்.

பயிற்சியில் காதுகொடுத்துக் கேட்கச் சொல்லித் தந்தார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று சொல்லித் தரவில்லை.

சனிக்கிழமை மறுபடியும் போகிறேன். நல்ல நடிப்பு வகுப்பு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த அறையில் நடிக்கத் தெரியாதவள் நான் ஒருத்திதான்.