ஆர்வனின் இரண்டு வாக்காளர்கள்

ஜெர்மனியில் ஊன்ட்றொப் அம்பாள் கோயில் திருவிழா. கால்வாய்க் கரையில் கால் வைக்க இடமில்லை. பக்கத்தில் நிற்கும் அக்கா, "நீங்கள் எவடம்?" என்று கேட்கிறார். வேல்ஸில் பாங்கர் என்கிறேன்.

"அப்ப ஆர்வன் தொகுதி."

ஆங்கிலத்தில் Arfon என்று 'f' போட்டு எழுதினாலும் வேல்ஸ்காரர்களைப் போலவே 'வ்' என்று உச்சரிக்கிறார். அவர் பாங்கரில் படித்த வருடம் பொதுத்தேர்தல் வந்ததாம். கையிலிருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு. அதற்கு அவர் வாழும் ஜெர்மனியில் வாக்கு இல்லை. காமன்வெல்த் நாடு என்பதால் பிரித்தானியாவில் உண்டு.

"என்ர முதல் வோட்டை அங்கதான் போட்டனான்."

தயங்கித் தயங்கிச் சொல்கிறேன்: ஆர்வன் இப்போது இல்லை. நான்கே பொதுத்தேர்தல்களைக் கண்டது. பிறகு அதைப் பிரித்துப் பக்கத்துத் தொகுதிகளோடு சேர்த்துவிட்டார்கள்.

அக்காவின் முகம் ஒரு கணம் வாடுகிறது. பிறகு சிரிக்கிறார்.

"அப்ப ஆர்வனில மிச்சம் நாங்கள் ரெண்டு பேர்தான். வடைக் கடையோ, ஐஸ்கிரீம் கடையோ? வோட்டுக்கு விடுவம்."

நான் வடைக்குக் கை தூக்குகிறேன். அவர் ஐஸ்கிரீமுக்கு. சரிக்குச் சரி. அப்போது வந்து சேர்கிற அவருடைய கணவர், விஷயம் கேட்டுவிட்டு, "நானும் வடைதான்" என்று கை தூக்குகிறார்.

"இஞ்சருங்கோ," என்று அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்குகிறார் அக்கா. "உங்களுக்கு இங்க வோட்டில்லை."